கலைச்சொல் விவாதம்: "அடையாளத் திருட்டு" சரியான சொல்தானா?

மடல் 1, கோவையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் கட்டற்ற மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். முக்கால்வாசி முடிந்துவிட்டது. இப்போது எச்சரிக்கைப் பக்கத்தில் வந்து நிற்கிறேன். ஒருவருடைய பெயர், பிறந்த தேதி, பான் எண், ஆதார் எண் இவற்றை வைத்துக்கொண்டு இன்னொருவர் அவர் பேரில் கடன் வாங்குகிறார், சிம் வாங்குகிறார், கணக்கு தொடங்குகிறார். ஆங்கிலத்தில் identity theft எனப்படும் இந்தக் குற்றத்துக்கு நம் குழுவின் பழைய கலைச்சொல் பட்டியலில் "அடையாளத் திருட்டு" என்று இருக்கிறது. செய்தித்தாள்களிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அதையே போட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் அம்மாவிடம் திரையைக் காட்டி, என்ன புரிகிறது என்று கேட்டேன். "ஐடி கார்டைத் திருடுறாங்களா?" என்றார்.

கையில் இருக்கும் மற்றவை: அடையாளக் களவு, அடையாளக் கவர்வு, ஆள்மாறாட்டம். கடைசிச் சொல்லை நானே அடித்துவிட்டேன். அது தேர்வுக்கூடத்துச் சொல். பொத்தானில் இடம் குறைவு, இரண்டு சொல்லுக்கு மேல் போகாமல் சொல்லுங்கள்.

மடல் 2, மதுரையிலிருந்து

தம்பி, அடித்ததைத் திரும்ப எழுதுங்கள்.

உங்கள் அம்மா கேட்ட அதே கேள்வியை என்னிடம் ஒரு காவல் நிலையத்தில் கேட்டார்கள். கதை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். என் உடன்பிறந்த தம்பி வீட்டுக்கடன் கேட்டு விண்ணப்பித்தான். இல்லை என்று திருப்பிவிட்டார்கள். கடன் வரலாற்று அறிக்கையை எடுத்துப் பார்த்தால், கைப்பேசிச் செயலி வழியே அவன் பேரில் இரண்டு சிறுகடன்கள். ஒன்று 12,000 ரூபாய், இன்னொன்று 20,000. ஒரு தவணைகூடக் கட்டவில்லை. முகவரி அவன் காலடியே வைக்காத ஊர். பான் அட்டை என்னவோ அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. எந்தக் கடையில் எப்போது கொடுத்த ஜெராக்ஸோ, யாருக்குத் தெரியும்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்ற தைரியத்தில் மனுவை நானே எழுதினேன். "அடையாளத் திருட்டு நடந்துள்ளது" என்று. நிலையத்தில் இருந்தவர் படித்துப் பார்த்துவிட்டு, "எந்த அட்டை தொலைஞ்சது? எங்க வச்சு?" என்றார். தொலையவில்லை என்றேன். "அப்புறம் திருட்டுன்னு எழுதியிருக்கீங்க?" கடைசியில், மனு வாங்கியதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதில் அடையாள அட்டை தொலைந்தது தொடர்பான மனு என்று எழுதிக் கொடுத்தார். அதைக் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு அனுப்பினால், அட்டை தொலைந்ததற்கும் கடனுக்கும் என்ன சம்பந்தம் என்று பதில் வருகிறது. மறுபடி போனேன். "யாரோ ஒருத்தன் என் தம்பி பேர்ல ஆள்மாறாட்டம் பண்ணிக் கடன் வாங்கியிருக்கான்" என்றேன். "அப்படிச் சொல்லுங்கம்மா" என்று புதுத் தாளை எடுத்தார்.

ஒரு சொல்லுக்காக இரண்டு வாரம் போனது.

பொருள் போய்விட்டால்தான் தமிழில் திருட்டு. சட்டமும் அதையே சொல்கிறது: உடையவர் சம்மதம் இல்லாமல் அசையும் பொருளை நகர்த்த வேண்டும். இங்கே எதுவும் நகரவில்லை. தம்பியின் பெயர் தம்பியிடமே இருக்கிறது. ஏமாந்தது யார்? எதிரில் நிற்பவன் உண்மையான ஆள்தானா என்று பார்க்காமல் பணத்தைத் தூக்கிக் கொடுத்தவர்கள். நீட் ஆள்மாறாட்ட வழக்கு 2019ல் வந்தபோது, படத்தையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்றுதானே எல்லோரும் கேட்டோம்? நம் பேரில் யாராவது கள்ள ஓட்டுப் போட்டுவிட்டால், "உன் பேரை ஏன் பத்திரமாக வைத்துக்கொள்ளவில்லை" என்று வாக்குச்சாவடியில் யாரும் திட்டுவதில்லை. தேர்தல் நடத்தை விதி 49P-யின் கீழ் நமக்குத் தனியாக ஒரு வாக்குச்சீட்டு கொடுக்க வேண்டும். கடன் விஷயத்தில் மட்டும் பழி நம் தலையில் விழுகிறது. "திருட்டு" என்ற சொல்லுக்கு அதில் பங்கு இருக்கிறது. திருட்டுக் கொடுத்தவன் கவனமாக இருந்திருக்க வேண்டும் அல்லவா!

மடல் 3, யாழ்ப்பாணத்திலிருந்து

வணக்கம். இங்கு திருட்டு என்பதைவிடக் களவு என்பதுதான் வாயில் வரும். வீட்டில் களவு போனது, களவெடுத்தான் என்போம். ஆகவே "அடையாளக் களவு" எங்கள் காதுக்கு அந்நியமாக இராது. "ஆள்" என்ற சொல்லும் எங்கள் அரச வழக்கில் ஏற்கனவே உண்டு. அடையாள அட்டை வழங்குவதே ஆட்பதிவுத் திணைக்களம்தான். எனவே "ஆளடையாளக் களவு" என்று முன்மொழிகிறேன்.

ஆனால் அக்கா சொன்னதை யோசிக்கையில் ஒரு சந்தேகம் வருகிறது. எங்கள் அடையாள அட்டை இலக்கம் 2016 முதல் 12 இலக்கம். முதல் 4 பிறந்த ஆண்டு. அடுத்த 3 அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டுவார்கள். 1990 சனவரி 10 பிறந்த பெண்ணின் இலக்கம் 1990510 என்று தொடங்கும். பிறந்தநாள் வாழ்த்தை முகநூலில் பார்த்த எவருக்கும் பாதிக்கு மேல் தெரிந்துவிடும். தெருவில் கிடப்பதை எடுத்தால் அது களவா?

மடல் 4, சிங்கப்பூரிலிருந்து

யாழ் நண்பர் தொட்ட இடத்தில்தான் இங்கே பெரிய ரகளையே நடந்தது. 2024 டிசம்பரில் நிறுவனப் பதிவு ஆணையம் தன் பிஸ்ஃபைல் தளத்தைப் புதுப்பித்தது. அதில் பெயரைத் தேடினால் அடையாள அட்டை எண் முழுதாகத் தெரிந்தது. கொந்தளிப்பு, மன்னிப்பு, விசாரணை எல்லாம் நடந்தன. அரசு சொன்ன விளக்கம் இந்த விவாதத்துக்குப் பயன்படும். அந்த எண் பெயரைப் போல. ஆளைச் சுட்டுவதற்குத்தான் அது, ஆளை உறுதிசெய்வதற்கு அல்ல. அதைக் கடவுச்சொல்லாக வைப்பதை நிறுவனங்கள் நிறுத்த வேண்டும் என்றார்கள். காப்பீட்டு ஆவணத்தைத் திறக்கவே அந்த எண்ணைக் கேட்டுப் பழக்கியிருந்த ஊர் இது!

இன்னொரு பழைய கதை. 1938ல் அமெரிக்காவின் லாக்போர்ட் நகரில் ஒரு பணப்பை நிறுவனம், அரசு தரும் எண் கொண்ட சமூகப் பாதுகாப்பு அட்டை பைக்குள் கச்சிதமாக அடங்கும் என்று காட்ட, மாதிரி அட்டை ஒன்றை அச்சடித்து உள்ளே செருகியது. அதில் போட்ட எண் நிறுவன அதிகாரி ஒருவருடைய செயலாளரின் உண்மையான எண். அட்டை பாதி அளவு, சிவப்பு மை, குறுக்கே "மாதிரி" என்ற சொல் வேறு. அப்படியும் பை வாங்கியவர்கள் அது தங்கள் எண் என்றே எடுத்துக்கொண்டார்கள். 1943ல் மட்டும் 5,755 பேர் அந்த எண்ணைப் பயன்படுத்தினார்கள். மொத்தக் கணக்கு 40,000த்தைத் தாண்டியது. 1977 வரைகூட 12 பேர் விடவில்லை. அரசு அந்த எண்ணை ஒழித்து அந்த அம்மாவுக்குப் புது எண் கொடுத்தது. அவரிடம் யாரும் எதையும் திருடவில்லை. ஏமாற்றும் நோக்கமும் பெரும்பாலோருக்கு இல்லை. எண்ணைச் சொன்னால் போதும், ஆள் அவர்தான் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம்தான் இத்தனைக்கும் இடம் கொடுத்தது.

மடல் 5, கோவையிலிருந்து

அக்கா, பாதி மனம் மாறிவிட்டேன். மீதிப் பாதிக்கு ஒரு கேள்வி.

ஆள்மாறாட்டம் என்றால் செயல் நடந்து முடிந்துவிட்டது. என் மென்பொருள் எச்சரிப்பது அதற்கு முந்தைய கட்டத்தை. போலி மின்னஞ்சல் அனுப்பிக் கடவுச்சொல்லை வாங்கிவிடுகிறான். இன்னும் எதற்கும் பயன்படுத்தவில்லை. அதற்கு என்ன பெயர்? நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலும் 2008 திருத்தத்தில் இரண்டு பிரிவுகளைச் சேர்த்தார்கள். 66சி அடையாளத் திருட்டு, 66டி கணினி வழி ஆள்மாறாட்டம். இரண்டுக்கும் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டமே இரண்டாகப் பிரித்திருக்கும்போது நாம் ஒன்றாக்கலாமா?

மடல் 6, மதுரையிலிருந்து

நல்ல கேள்வி. ஆனால் 66சி-யின் தலைப்பை விட்டுவிட்டு உள்ளே படியுங்கள். பிறருடைய மின் கையொப்பத்தையோ கடவுச்சொல்லையோ தனி அடையாளக் கூறையோ மோசடியாகப் "பயன்படுத்துவது" குற்றம் என்கிறது. தலைப்பில் திருட்டு, உள்ளே பயன்பாடு. ஆங்கிலத்தில் பிறந்த குழப்பம் அது. அதை அப்படியே தமிழில் இறக்குமதி செய்ய வேண்டுமா?

முதலில் "அடையாளம்" என்ற சொல்லைப் பாருங்கள். அசோகவனத்தில் அனுமன் சீதையின் முன் நிற்கிறான். சந்நியாசி வேடத்தில் வந்தவனை நம்பி ஏமாந்தவள் அவள். குரங்கு வடிவில் வந்தவனை எப்படி நம்புவாள்? பெரியாழ்வார் பதிகத்தில் அனுமன் "அடையாளம்", "அடையாளம்" என்று ஒவ்வொன்றாக அடுக்குகிறான். மல்லிகை மாலையால் நீ இராமனைக் கட்டினாயே, அது ஓர் அடையாளம். கடைசியில் மோதிரம். மோதிரத்தை யாரும் திருடியிருக்கலாம். இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்ததைச் சொன்ன பிறகு வருவதால்தான் அதற்கு மதிப்பு. ஆக நம் மரபில் அடையாளம் என்பது உறுதிசெய்யும் சான்று. ஊருக்கே தெரிந்த 12 இலக்க எண்ணுக்கு அந்தப் பெயரைக் கொடுத்ததே முதல் கோளாறு. சிங்கப்பூர் நண்பர் சொன்னது இதைத்தான்.

அதனால் இரண்டு சொல் வைத்துக்கொள்வோம். எடுப்பதற்கு "ஆள்விவரத் திருட்டு". எடுத்ததை வைத்து நம் பேரில் நடப்பதற்கு "ஆள்மாறாட்ட மோசடி". (யாழ் தம்பி, களவு அழகான சொல்தான். ஆனால் தமிழாசிரியர்கள் களவு, கற்பு என்று ஆரம்பித்துவிடுவார்கள்.)

இரண்டாகப் பிரித்தால் எச்சரிக்கைப் பக்கமும் தெளிவாகும், பாருங்கள். முதலாவதற்கு நாம் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். ஜெராக்ஸ் கொடுக்கும்போது "சிம் வாங்க மட்டும்" என்று தேதியோடு குறுக்கே எழுதுங்கள், எழுத்து படத்தின் மேலும் எண்ணின் மேலும் ஓடட்டும். கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகமும் மறைத்த ஆதாரைக் கொடுக்கத்தான் சொன்னது. மக்கள் பதறியதும் இரண்டு நாளில் அறிக்கையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். யோசனையில் தவறில்லை, இன்றும் நான் அப்படித்தான் கொடுக்கிறேன். கைரேகை தனி வகை. கடவுச்சொல் போனால் மாற்றலாம், கட்டைவிரலை எப்படி மாற்றுவது? பத்திரப்பதிவு ஆவணத்தில் வைத்த கைநாட்டைப் படியெடுத்து, ஆதார் வழியே பணம் எடுத்த வழக்குகள் வெளிமாநிலங்களில் வந்திருக்கின்றன. ஆதார் செயலியில் ரேகையைப் பூட்டி வைக்கலாம். தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம்.

இரண்டாவதில்தான் நாம் கோட்டை விடுகிறோம். எவ்வளவு மறைத்தாலும் விவரம் எங்கோ கசிந்துதான் இருக்கும். நம் பேரில் என்ன நடக்கிறது என்று அவ்வப்போது எட்டிப் பார்ப்பதுதான் வழி. நாட்டில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் கடன் வரலாற்றை வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்தால் ஆண்டு முழுக்கக் கண் வைத்த மாதிரி ஆகும். என் தம்பி அப்படிப் பார்த்திருந்தால் வீட்டுக்கடன் வரை போய் முட்டியிருக்க மாட்டான். நம் பேரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். திடீரென்று கைப்பேசியில் சிக்னல் போய் மணிக்கணக்காக வராவிட்டால் டவர் கோளாறு என்று தூங்கிவிடாதீர்கள். நம் எண்ணுக்கு வேறு யாராவது புது சிம் வாங்கியிருக்கலாம், அதற்கப்புறம் ஓடிபி எல்லாம் அவனுக்குத்தான் போகும்.

பணம் போனது தெரிந்தால் அந்த நிமிடமே 1930, இணையக் குற்ற உதவி எண். பிறகு வங்கி. நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறெங்கோ நடந்த கோளாறு என்றால், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்குப் பொறுப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017ல் சுற்றறிக்கை விட்டது. ஓடிபியை நாமே சொல்லியிருந்தால், புகார் செய்யும் வரை போனது நம் கணக்கில்தான்.

தம்பியின் அறிக்கையைத் திருத்த 30 நாள் கெடு. அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023ல் ரிசர்வ் வங்கி ஆணை போட்டிருக்கிறது. 29வது நாள் திருத்திவிட்டார்கள்! இழப்பீடு கிடைக்காமல் போனதில் அவனுக்கு இன்னும் வருத்தம்.

மடல் 7, கோவையிலிருந்து

நன்றி அக்கா, நன்றி நண்பர்களே. மாற்றுக் கருத்து இல்லையென்றால் இரண்டு சொற்களையும் பட்டியலில் ஏற்றுகிறேன்: ஆள்விவரத் திருட்டு, ஆள்மாறாட்ட மோசடி. பழைய "அடையாளத் திருட்டு" தேடுபவர்களுக்காக அடிக்குறிப்பில் இருக்கட்டும்.

அம்மாவிடம் மறுபடி காட்டினேன். "உங்கள் பேரில் ஆள்மாறாட்ட மோசடி நடக்கலாம்" என்ற வரியைப் படித்துவிட்டு, "அப்போ பணம் குடுக்கிறவன்ல ஆளைப் பாத்துக் குடுக்கணும்?" என்றார்.

பொத்தானில் "மோசடி" பாதி வெட்டுப்படுகிறது. எழுத்துரு அளவைக் குறைத்துப் பார்க்கிறேன்.