138 டிகிரியில் உருகும் சால்டர் 110 டிகிரியிலேயே கழன்றுவிட்டது, ஏன்?

மாடிப்பட்டறை:
வணக்கங்க. நான் கோயமுத்தூர். ரெண்டு வருஷமா நம்ம மேட்டுப்பாளையம் - ஊட்டி ரயிலோட எக்ஸ் கிளாஸ் நீராவி இன்ஜினைப் பித்தளையில செஞ்சுட்டு இருக்கேனுங்க. 1:22.5 அளவு. 1000 மி.மீ. மீட்டர் கேஜை இதால வகுத்தா 44.4 வரும், 45 மி.மீ. தண்டவாளம் ரெடிமேடா கிடைக்குது. அதனாலதான் இந்த அளவு.

ஃபிரேம், சக்கரம், தண்ணித் தொட்டி எல்லாம் ஆச்சு. மாட்டிக்கிட்டது இன்ஜினோட முன்பக்கம் இருக்கற புகைப்பெட்டி முகப்புல. முகப்புத் தட்டு லேத்துல கடைஞ்சது, 3 மி.மீ. கனம். அதுமேல கதவோட கீல்பட்டை ரெண்டு (0.3 மி.மீ. தகடு), கைப்பிடி, விளக்குத் தாங்கி. 60/40 சால்டரை (ஒட்டறதுக்கு உருக்கி வைக்கற உலோகம்) 60 வாட் அயர்ன்ல உருக்கி வச்சா சூடு பூராத்தையும் அந்தத் தட்டே குடிச்சுருது. சின்ன டார்ச் காட்டினா கீல் ஒட்டும்போது விளக்குத் தாங்கி நழுவி விழுது. நாலு தடவை ஆச்சு.

சரின்னு செல்போன் ரிப்பேர்காரங்க வாங்கற, 138 டிகிரியில உருகற சால்டர் பேஸ்ட் வாங்கினேன். தாங்கியையும் கைப்பிடியையும் பழைய இடத்துலயே அதை வச்சு ஒட்டினேன். அழகா உட்கார்ந்துச்சு. பிரைமர் அடிச்சு, காய வைக்க ஓடிஜி அடுப்புல 110 டிகிரியில வச்சு அரை மணி கழிச்சுத் திறந்தா ரெண்டும் கீழ கிடக்குது. அடுப்புக்குள்ள தெர்மாமீட்டர் வச்சும் பார்த்துட்டேன், 110தான். 138-ல உருக வேண்டியது எப்படிங்க 110-ல கழலும்?

இன்னொண்ணு. இந்த இன்ஜினுக்குக் கீழ ஒண்ணு, மேல ஒண்ணுன்னு சிலிண்டர் இருக்குதுங்களே, மாடல்ல மேல் சிலிண்டர் ராடுகளை ஓட விடலாமா, அசையாம வச்சுடலாமா?

ரிச்சி தெரு:
அண்ணா, பேஸ்ட் மேல தப்பு இல்ல. பழைய சால்டரைச் சுரண்டாம அதுமேலயே வச்சிருக்கீங்க, அதான். 138 பேஸ்ட்ல இருக்கிறது வெள்ளீயமும் பிஸ்மத்தும். நீங்க முதல்ல வச்சது 60/40, அதுல காரீயம் இருக்கு. மூணும் கலந்தா 96 டிகிரி வாக்கிலேயே உருக ஆரம்பிக்கிற கலவை ஒண்ணு உருவாகும். போர்டு ரிப்பேர்ல நானும் இதுல அடிபட்டிருக்கேன். ஒட்டினப்போ நல்லாதான் இருந்துச்சு, சூடு ஏறினதும் ஐசி நகர்ந்துடுச்சு.

அந்த இடத்தை விக் (உருகின சால்டரை உறிஞ்சற செம்புப் பின்னல்) வச்சு உறிஞ்சி, அப்புறம் எமரி போட்டு வெறும் பித்தளை மஞ்சள் தெரியிற வரை தேய்ங்க. வெள்ளையா ஒரு பூச்சு தெரிஞ்சாலும் காரீயம் இருக்குன்னு அர்த்தம். ரெண்டு பக்கமும் 138-லயே பூச்சு கொடுத்துட்டு சேருங்க. அயர்ன் முனையையும் மாத்துங்க, பழைய முனையிலயும் காரீயம் ஒட்டியிருக்கும்.

பொன்மலை ரிட்டயர்டு:
தம்பி சொல்றது சரி. நான் இன்னும் ஒரு படி பின்னாடி போறேன். எல்லாத்தையும் ஒரே சூட்டுல வைக்கக் கூடாது. கீல்பட்டையை முதல்ல வெள்ளிப் பொடி (வெள்ளி கலந்த சால்டர்) வச்சு, ஊதுகுழல் தீயில உருக்கி ஊதிடுங்க. வெண்காரம் தடவி, நகை ஆசாரி பண்ற மாதிரியே. கோயமுத்தூர்ல செல்வபுரம் பக்கம் போனா பண்ணிக் கொடுப்பாங்க. அது 600 டிகிரிக்கு மேல உருகறது, அப்புறம் எந்த அயர்னாலயும் அசையாது. அடுத்தது 60/40. கடைசியா 138, அதுவும் காரீயம் படாத இடத்துல மட்டும். கனமான தட்டை ஒரு பழைய தோசைக்கல்லுல வச்சு முன்சூடு காட்டிட்டுத் தொட்டீங்கன்னா 60 வாட்டே போதும். அந்தக் கல்லை மறுபடி சமையலுக்குக் கொண்டு போயிடாதீங்க.

மேல் சிலிண்டர் விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கீழ இருக்கிறது உயர் அழுத்தம், சக்கரத்தை ஓட்டறது. மேல இருக்கிறது தாழ்வழுத்தம், நடுவுல இருக்கற பல்தண்டவாளத்தைப் பிடிச்சு ஏறுற பல்சக்கரத்துக்கு. மேட்டுப்பாளையத்துலேர்ந்து கல்லாறு வரைக்கும் பல்தண்டவாளம் கிடையாது, மேல் ராடு சும்மா நிக்கும். கல்லாறு தாண்டி 12-க்கு 1 ஏத்தத்துல கீழ் சிலிண்டர் வெளியே தள்ற நீராவியே மேல போய் இன்னொரு தரம் வேலை செய்யும். நடுவுல கியர் இருக்கிறதால மேல் ராடு எதிர்த் திசையில, கீழதைவிட வேகமாச் சுத்தும். நேர்ல பார்த்தவங்களுக்கு அதுதான் அந்த இன்ஜினோட முகம். அதனால சக்கர அச்சோட கியர் போட்டு இணைச்சுடாதீங்க, சமதளத்துலயும் சுத்தி பொய்யாயிடும். தனியா ஒரு சின்ன மோட்டார், தனி சுவிட்ச்.

மாடிப்பட்டறை:
ரொம்ப நன்றிங்க ஐயா, தம்பிக்கும் நன்றி. நேத்து எல்லாத்தையும் பிரிச்சேன். வெள்ளைப் பூச்சு அப்படியே இருந்துச்சு, தேய்க்க ஒண்ணேகால் மணி நேரம். கீலை ஆசாரிகிட்ட ஊதி வாங்கிட்டேன். வெண்காரம் கண்ணாடி மாதிரி இறுகியிருந்துச்சு, சுடுதண்ணியில ஊற வச்சு எடுத்தேன். அப்புறம் எங்க அம்மா குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்ச்சுக் கழுவினேன். கைப்பிடியும் விளக்குத் தாங்கியும் 138-ல உட்கார்ந்தாச்சு. இன்னைக்குக் காலையில 110-ல ஒரு மணி நேரம் வச்சேன். திறந்து இடுக்கியால ஒவ்வொண்ணா ஆட்டிப் பார்த்தேன், ஒண்ணும் அசையலைங்க.

மேல் ராடுக்கு 12 மி.மீ. கியர் மோட்டார் தொட்டிக்குள்ள போகுமான்னு இப்ப அளந்துட்டு இருக்கேன்.