அவசரம்: அம்மா விசா விண்ணப்பத்தில் பெயரை ஏற்கவில்லை

வெண்ணாற்றங்கரை:
அம்மாவுக்கு டூரிஸ்ட் விசா விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறேன். பெயர் பக்கத்தைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. பாஸ்போர்ட்டில் இருப்பதை அப்படியே போட்டால் சிவப்பில் பிழை காட்டுகிறது. நடுவில் ஒரு போன் வந்தது. பேசிவிட்டு வந்து பார்த்தால் வெளியே தள்ளிவிட்டது. திரும்ப உள்ளே போகப் பார்த்தால் விவரம் பொருந்தவில்லையாம். மார்ச்சில் மனைவிக்குப் பிரசவம், அதற்குள் அம்மா வந்தாக வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

ரொறன்ரோ ராசாத்தி:
கனடாவுக்குப் பெற்றோர் வாற சூப்பர் விசாவோ, சாதாரண விசிட்டர் விசாவோ? சூப்பர் விசா என்றால் ஒரு லட்சம் டொலருக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி காட்ட வேணும், ஒருமுறை வந்தால் ஐந்து வருசம்வரை நிற்கலாம். படிவத்தைக் குரோமிலே திறக்காதேங்கோ, அடோபி ரீடரில்தான் திறக்கும். இல்லாவிட்டால் "பிளீஸ் வெயிட்" என்று ஒரு பக்கம் வந்து அப்படியே நிற்கும். நானும் வெயிட் பண்ணிக்கொண்டே இருந்தனான்.

ஷார்ஜா ரவுண்டானா:
பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரா பாய்? 2022 நவம்பரில் இருந்து இங்கே விசிட் விசாவில் அதற்குத் தடை இருக்கிறது. அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை என்று பிறகு விளக்கம் கொடுத்தார்கள். எதற்கும் ஏர்லைனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முனிக் முருங்கை:
ஐரோப்பாவின் ஷெங்கன் விசா என்றால் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். முதலில் அதை வாங்கிவிடுங்கள்.

மூத்தகுடி:
எந்த நாடு என்றுகூடச் சொல்லாமல் "அவசரம்" என்று தலைப்பு. அதற்கு மூன்று நாட்டுக்காரர்கள் பதில். கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. என்ன படிவம், என்ன பிழை, பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். இந்த விஷயத்துக்கு ஏற்கெனவே இங்கே பத்துப் பதில்கள் இருக்கின்றன. தேடிப் பார்க்கும் வழக்கம் யாருக்கும் இல்லை.

வெண்ணாற்றங்கரை:
அமெரிக்காதான். நான் டெக்சாஸில், அம்மா மன்னார்குடி பக்கம். டிஎஸ்-160 படிவம்.

நெல்லை வாத்தியார்:
சரி, இப்போது பேசலாம். பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியா? அந்தச் சிவப்பு வரி என்ன சொல்கிறது?

கோவை டிராவல்ஸ்:
பெயரெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் சார். அம்மா கணக்கில் எவ்வளவு இருக்கிறது? குறைந்தது ஆறு மாத ஸ்டேட்மென்ட் வேண்டும். நிலப் பத்திரம், நகை மதிப்பீடு, உங்கள் பக்கம் செலவை ஏற்கும் ஐ-134 படிவம் எல்லாம் தயார் செய்யுங்கள். நான் பார்த்தவரை ரிஜெக்ட் ஆவதெல்லாம் பேங்க் பேலன்ஸில்தான்.

நெல்லை வாத்தியார்:
அவர் பெயர்ப் பக்கத்தில் நிற்கிறார், நீங்கள் நகையை எடை போடுகிறீர்கள். சுற்றுலா விசாவுக்கு ஐ-134 கட்டாயமில்லை. அழைப்புக் கடிதமும் கட்டாயமில்லை. முடிவு அம்மா சொல்லும் பதிலில்தான்.

வெண்ணாற்றங்கரை:
ஆமாம், சர்நேம் காலி. கிவன் நேமில் அம்மா பெயரும் அப்பா பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. முதலில் அப்பா பெயரை சர்நேமாகப் போட்டு நாலைந்து பக்கம் போய்விட்டேன். அப்புறம் சந்தேகம் வந்து முதல் பக்கத்துக்குத் திரும்பி, பாஸ்போர்ட்டில் உள்ளபடி சர்நேமைக் காலியாக விட்டேன். அப்போதுதான் சிவப்பு. ஒரு கோடு போட்டும் பார்த்தேன், ஏற்கவில்லை.

கோவை டிராவல்ஸ்:
அப்பா பெயரே சர்நேமாக இருக்கட்டும் சார். எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள்.

திருச்சி டு டென்வர்:
வேண்டாம். பாஸ்போர்ட்டை ரீஇஷ்யூ செய்து பெயரைப் பிரித்துவிடுங்கள். என் மாமனாருக்கு அப்படித்தான் செய்தோம். பிறகு எந்த நாட்டுக்கும் தொல்லை இல்லை.

ஷார்ஜா ரவுண்டானா:
இதைத்தான் நான் முதலிலேயே கேட்டேன்.

நெல்லை வாத்தியார்:
ரீஇஷ்யூ நல்லதுதான், ஆனால் மார்ச் பிரசவத்தை வைத்துக்கொண்டு இப்போது அந்த வேலையில் இறங்க வேண்டாம். பாஸ்போர்ட்டில் இல்லாத சர்நேமை நாமாக உண்டாக்கவும் கூடாது. வழி இதுதான்: கிவன் நேமில் உள்ள முழுப் பெயரையும், எழுத்து மாறாமல், அதே வரிசையில் சர்நேம் கட்டத்தில் போடுங்கள். கிவன் நேம் கட்டத்தில் எஃப்என்யு என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் மட்டும், "முதல் பெயர் தெரியவில்லை" என்பதன் சுருக்கம் அது. விசாவிலும் அப்படித்தான் அச்சாகி வரும். அம்மா பயப்பட வேண்டாம். நம் ஊரில் பாதிப் பேர் அமெரிக்காவுக்குள் எஃப்என்யு என்ற பெயரில்தான் நுழைகிறார்கள்.

உள்ளே போக முடியாததற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. 20 நிமிடம் தொடாமல் விட்டால் தானாக வெளியேற்றிவிடும். திரும்பப் போகும்போது விண்ணப்ப எண்ணைக் கொடுத்தபின் சர்நேமின் முதல் ஐந்து எழுத்து, பிறந்த வருடம், பாதுகாப்புக் கேள்விக்கான பதில் ஆகிய மூன்றையும் கேட்கும். நீங்கள் இப்போது அம்மா பெயரின் முதல் ஐந்து எழுத்தைப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். கடைசியாகச் சேமித்தது அப்பா பெயர். அதைப் போட்டுப் பாருங்கள்.

மூத்தகுடி:
விண்ணப்ப எண்ணைக் குறித்து வைத்திருந்தால்தானே. பெரும்பாலோர் அதை வைத்திருப்பதில்லை.

வெண்ணாற்றங்கரை:
எண் இருக்கிறது, ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். அப்பா பெயர் போட்டும் போகவில்லை. பாதுகாப்புக் கேள்வி, அம்மாவின் அம்மா பெயர்.

திருச்சி டு டென்வர்:
யாருடைய அம்மாவின் அம்மா? படிவம் உங்கள் அம்மாவுடையது. நீங்கள் உங்கள் பாட்டி பெயரைப் போட்டீர்களா, அம்மாவின் பாட்டி பெயரையா?

வெண்ணாற்றங்கரை:
என் பாட்டி, தையல்நாயகி. அம்மாவின் பாட்டி பெயர் அம்மாவுக்கே ஞாபகமில்லை.

நெல்லை வாத்தியார்:
அந்தப் பதில் உண்மையா என்று யாரும் சோதிக்கப் போவதில்லை. அன்று அடித்த அதே எழுத்துகள் வந்தால் போதும். ஆனால் தையல்நாயகியை ஆங்கிலத்தில் ஆறு விதமாக எழுதலாம். டி-க்குப் பிறகு எச் போட்டீர்களா, இரண்டு சொல்லாகப் பிரித்தீர்களா, கடைசியில் ஐ-யா ஒய்-யா, ஒவ்வொன்றாகப் பாருங்கள். எதுவும் சரிவரவில்லை என்றால் புதிதாகவே தொடங்குங்கள். இன்னும் சமர்ப்பிக்காத படிவம்தானே, போனால் நாலைந்து பக்கம்.

மூத்தகுடி:
வயதானவர்களுக்கு நேர்காணலே கிடையாது. ஆவணங்களை மட்டும் மையத்தில் கொடுக்கும் டிராப்பாக்ஸ் முறையில் போட்டால் முடிந்தது. இதற்கு இவ்வளவு பெரிய ஆலோசனைக் கூட்டம்.

திருச்சி டு டென்வர்:
அது பழைய கதை ஐயா. 79 வயதைத் தாண்டியவர்களுக்கு இருந்த அந்தச் சலுகை 2025 செப்டம்பர் 2-ஆம் தேதியோடு போய்விட்டது. முதல் தடவை விசா கேட்கும் அம்மா எந்த வயதாக இருந்தாலும் போய் நிற்க வேண்டியதுதான். கைரேகை, போட்டோவுக்கு ஒரு தேதி, நேர்காணலுக்கு ஒரு தேதி. கட்டணம் 185 டாலர், கிடைக்காவிட்டாலும் திரும்பி வராது.

மாம்பலம் பாட்டி:
தம்பி, போட்டோவுக்கு அம்மாவைக் கண்ணாடியைக் கழற்றச் சொல். எங்கள் தெரு ஸ்டுடியோக்காரர் கண்ணாடியோடு எடுத்துக் கொடுத்துவிட்டார், அது ஆகாதாம். பொட்டுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

கைரேகை எடுக்கும் இடத்தில் எனக்கு விரல் விழவே இல்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை எங்கே இருக்கிறது? அந்தப் பெண் ஈரத் துணியால் துடைத்துவிட்டு, கண்ணாடி மேல் என் விரலைத் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், அப்புறம் பச்சை விளக்கு எரிந்தது. உன் அம்மா வயல் வேலை செய்பவர் என்றால் முதல் நாளே கைக்கு நன்றாக எண்ணெய் போட்டுக் கழுவச் சொல்.

நேர்காணல் ஜெமினி மேம்பாலம் பக்கத்தில். போன், பை எதுவும் உள்ளே விடமாட்டார்கள். வெளியே வந்தால் யார் எங்கே நிற்பார்கள் என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே பேசலாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆபீசர், பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு பெண். "மகன் என்ன வேலை, எத்தனை நாள் இருப்பீர்கள், ஊரில் யார் இருக்கிறார்கள்" என்று கேட்டார்கள். நான் "மருமகளுக்குப் பிரசவம், ஆறு மாதத்துக்குள் வந்துவிடுவேன், வீட்டுக்காரர் இங்கேதான் இருக்கிறார்" என்றேன். கொண்டுபோன கோப்பை யாரும் தொடவே இல்லை.

நியூஜெர்சி நாட்டாமை:
பாட்டிக்கு அதிர்ஷ்டம். தயவுசெய்து யாரும் பிரசவம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருகிறேன் என்றால் அது வேலை. சுற்றுலா விசாவில் வேலை கூடாது. "ஊர் சுற்றிப் பார்க்க வருகிறேன்" என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். நயாகரா, டிஸ்னி என்று இரண்டு பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.

திருச்சி டு டென்வர்:
டெக்சாஸில் மகன் வீடு, மார்ச்சில் மருமகளுக்குப் பிரசவம், மன்னார்குடி அம்மா நயாகராவை மட்டும் பார்க்கப் போகிறாரா? அடுத்த கேள்வி "மகனுக்குக் குழந்தை இருக்கிறதா" என்றுதான் வரும். அங்கே திணறினால் முடிந்தது கதை. அதிகாரியிடம் பொய் சொன்னது பதிவானால் பிறகு எந்த விசாவுக்கும் அது நிற்கும்.

நியூஜெர்சி நாட்டாமை:
பொய் சொல்லச் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லாதே என்கிறேன்.

மூத்தகுடி:
அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவைப் படித்துவிட்டு வந்து இருவரும் விவாதிக்கவும்.

நெல்லை வாத்தியார்:
அந்தப் பிரிவில் குழந்தை வளர்ப்பைப் பற்றி ஒன்றுமில்லை ஐயா. வருகிறவர் அங்கேயே தங்கிவிடுவார் என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும், திரும்பி வருவேன் என்று காட்ட வேண்டியது விண்ணப்பதாரர் பொறுப்பு. அவ்வளவுதான். என் கருத்து: பேரக் குழந்தையைப் பார்க்க வருகிறேன் என்பது குடும்பத்தைப் பார்க்க வருவதுதான். மாதச் செலவு மிச்சம் என்று ஆறு மாதத்துக்கு ஆயா வேலையை ஒப்படைப்பது வேறு. அம்மா "பார்க்கப் போகிறேன்" என்று சொல்வது உண்மையாக இருக்கும்படி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரொறன்ரோ ராசாத்தி:
அது சரி, பிரசவத்துக்குப் பெட்டையின்ர அம்மா எல்லோ வர வேணும்? மாமி ஏன் முதலில் வாறா?

மாம்பலம் பாட்டி:
அப்படி ஒரு சட்டமா என்ன? சம்பந்தியம்மாவுக்கு முட்டு வலி, அதனால் நான் போனேன். பத்திய சாப்பாடு யார் பொங்கினால் என்ன?

நியூஜெர்சி நாட்டாமை:
பொங்கலாம். அதிகாரியிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.

திருச்சி டு டென்வர்:
இங்கே பாதி வீடுகளில் ஷிஃப்ட் முறை. முதல் ஆறு மாதம் இவர் அம்மா, அடுத்த ஆறு மாதம் அவர் அம்மா. நடுவில் இரண்டு பேரும் சேர்ந்து இருக்கிற வாரம்தான் கஷ்டம்.

மூத்தகுடி:
இழை எங்கோ போய்விட்டது. கேள்வி கேட்டவரையும் காணோம்.

நெல்லை வாத்தியார்:
அவர் வந்து பார்க்கும்போது இருக்கட்டும் என்று இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், பலரும் தவறவிடுவது. நீங்கள் அமெரிக்காவில் உட்கார்ந்து படிவம் நிரப்பலாம். ஆனால் கடைசிப் பக்கத்தில் "படிவம் நிரப்ப யாராவது உதவினார்களா" என்று கேட்கும். ஆம் என்று போட்டு உங்கள் விவரத்தைக் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் பொத்தானை அம்மாதான் அழுத்த வேண்டும், நீங்கள் அல்ல. ஊரில் கணினி இருக்கிற யாராவது ஒருவர் வீட்டில் அம்மாவை உட்கார வையுங்கள். விண்ணப்ப எண்ணும் பாட்டி பெயரின் எழுத்தும் அவர்கள் கையில் இருக்கட்டும். பெயரை மாற்றிய பிறகு முதல் ஐந்து எழுத்தும் மாறியிருக்கும், அதையும் சொல்லிவிடுங்கள்.

சமர்ப்பித்தபின் திருத்தம் கிடையாது. பிழை கண்டால் பழைய விவரங்களை வைத்தே புதிய படிவம் போடலாம், ஆனால் அதற்குப் புதிய உறுதிப்படுத்தல் எண் வரும். நேர்காணல் பதிவிலும் அந்த எண்ணை மாற்ற வேண்டும். எண் பொருந்தாமல் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள்.

கோவை டிராவல்ஸ்:
டிக்கெட் இப்போதே போட்டுவிட்டால் அதிகாரிக்கு நம்பிக்கை வரும் சார். நம்மிடம் நல்ல ரேட் இருக்கிறது.

திருச்சி டு டென்வர்:
விசா கையில் வரும்வரை டிக்கெட் வாங்க வேண்டாம் என்றுதான் அமெரிக்க அரசே சொல்கிறது. படிவத்திலும் உத்தேசமான தேதி போதும்.

வெண்ணாற்றங்கரை:
உள்ளே போய்விட்டது. அப்பா பெயர், பாட்டி பெயரில் எச் இல்லாமல். பெயரை வாத்தியார் சொன்னபடி மாற்றினேன், பிழை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மகள் வீட்டில் அம்மா பொத்தானை அழுத்தினார். பணம் கட்டிவிட்டேன், சென்னையில் தேதி தேடிக்கொண்டிருக்கிறேன். டிக்கெட்டில் பெயர் எப்படிப் போடுவது?

நெல்லை வாத்தியார்:
விசா வரட்டும். அதில் இருப்பது போலவே முழுப் பெயர் சர்நேமாக, எஃப்என்யு முதல் பெயராகப் போடுவது வழக்கம். சில நிறுவனங்கள் வேறு மாதிரி கேட்கும், பணம் கட்டும் முன் அழைத்துக் கேளுங்கள். வழியில் துபாயில் இறங்கி ஊர் சுற்றும் எண்ணம் இருந்தால் ஷார்ஜாக்காரர் சொன்னதைப் பாருங்கள்.

ஷார்ஜா ரவுண்டானா:
கடைசியில் என்னிடம்தான் வந்தீர்கள்.