ஏழு வயதுப் பேத்தி, ஆறு வார விடுமுறை: "நான் சமத்தா இருந்தா சேர்ந்துடுவாங்களா?"

வேப்பநிழல்:
மகளும் மருமகனும் பிரிந்து வாழ முடிவெடுத்துவிட்டார்கள். வீடு மாற்றும் வேலை முடியும்வரை பேத்தி எங்களிடம். இரண்டு வருடமாக நின்றிருந்த படுக்கை நனைப்பது திரும்ப வந்துவிட்டது. இரவு அப்பா வீடியோ காலை வைத்ததும் அழுகை. தூங்கப் பத்தரை ஆகிறது. "நான் சமத்தா இருந்தா அம்மா அப்பா சேர்ந்துடுவாங்களா பாட்டி?" என்கிறாள். என்ன சொல்வது?

தாழ்வாரம்:
அந்தக் கேள்விதான் முக்கியம்மா. இந்த வயதில் தன்னால்தான் எல்லாம் நடந்தது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வதுண்டு. "அழாதடா கண்ணு" என்று கடந்துவிடாதீர்கள். நேராகச் சொல்லுங்கள்: "நீ செஞ்ச எதுவும் இதுக்குக் காரணம் இல்ல. நீ சமத்தா இருந்தாலும் அடம் பிடிச்சாலும் இது மாறாது. பெரியவங்க எடுத்த முடிவு. அம்மா எப்பவும் உன் அம்மா, அப்பா எப்பவும் உன் அப்பா."

பத்துத் தடவை கேட்பாள். பத்துத் தடவையும் இதே வார்த்தைகள்தான். வார்த்தை மாறினால் முடிவும் மாறிவிட்டதோ என்று தோன்றும். "எல்லாம் சரியாகிடும்" மட்டும் வேண்டவே வேண்டாம். அது குழந்தை காதில் "சேர்ந்துடுவாங்க" என்றே விழும். மகளும் மருமகனும் இதையே சொல்லும்படி எழுதி அனுப்பிவிடுங்கள்.

எதிரே உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். துவைத்த சாக்ஸை ஜோடி சேர்க்கும் வேலையைக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை என்றால் வாய் தானாகத் திறக்கும். வக்கீல், பணம் பற்றிய ஃபோன் பேச்செல்லாம் வீட்டுக்கு வெளியே. தூங்கிவிட்டாள் என்று நம்பிப் பக்கத்து அறையில் பேசாதீர்கள்.

வெள்ளைப்பூ:
நனைப்பதற்கு முதலில் டாக்டர். ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காத குழந்தை மறுபடி ஆரம்பித்தால், கவலைதான் காரணம் என்று நாமே முடிவுகட்டக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், அரிதாகச் சர்க்கரை நோயும் இருக்கலாம். அடங்காத தாகம், எடை குறைவு, காய்ச்சல் தெரிந்தால் அன்றே காட்டுங்கள்.

படுக்கையை இரட்டையாகப் போடுங்கள்: ரப்பர் ஷீட், விரிப்பு, அதன்மேல் இன்னொரு ரப்பர் ஷீட், இன்னொரு விரிப்பு. இரவில் மேல் இரண்டையும் உருவினால் அடியில் காய்ந்த படுக்கை தயார். மாற்று உடை கட்டில் ஓரத்திலேயே இருக்கட்டும். பெரிய விளக்கு, பேச்சு எதுவும் வேண்டாம். பகலில் நிறையத் தண்ணீர், சாப்பாட்டுக்குப் பின் குறைவாக. திட்டும் வேண்டாம், நனைக்காத நாளுக்குப் பரிசும் வேண்டாம். தூக்கத்தில் நடப்பது அவள் கையில் இல்லை.

மணிக்கூண்டு:
அப்பா அழைக்கும் நேரத்தை மாலை 5 மணிக்கு மாற்றுங்கள். படுக்கப்போகும் நேரத்தில் பிரிவை நினைவூட்டினால் தூக்கம் வராது. 10, 15 நிமிடம் தாராளம். வைத்ததும் என்ன செய்வதென்று முன்பே தீர்மானித்திருங்கள்: செடிக்குத் தண்ணீர், பந்து, எதுவானாலும் தினமும் அதேதான். "அப்பா என்ன சொன்னார்?" என்று மட்டும் கேட்காதீர்கள்; அது அவளைத் தூது போகவைக்கும். தினமும் முடியாதென்றால் வாரம் மூன்று நாள் என்று மருமகன் சொல்லட்டும். சொல்லிவிட்டு வராத அழைப்புதான் அதிகம் வலிக்கும்.

இந்த வயதுக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கொரு முறை 15 நிமிடமாகப் படிப்படியாக முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

வேப்பநிழல்:
நன்றி. எந்தப் பள்ளி, எந்த வீடு என்று கேட்டால்? எனக்கே தெரியாதே.

தாழ்வாரம்:
"தெரியல கண்ணு. தெரிஞ்ச அன்னைக்கே சொல்றேன்" என்பதே சரியான பதில். பிறகு தெரிந்ததைச் சொல்லுங்கள்: யார், எந்தத் தேதியில் கூட்டிப்போக வருகிறார்கள் என்று. அவள் கண் உயரத்தில் காலண்டர் ஒட்டி, அம்மா வரும் நாள் ஒரு நிறம், அப்பா வரும் நாள் வேறு நிறம். அவளே வண்ணம் தீட்டட்டும். வீடு முடிவானதும் அவள் படுக்கப்போகும் அறையின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். கிளம்பும்போது உங்கள் வீட்டுத் தலையணை உறையைத் துவைக்காமல் அப்படியே பையில் வையுங்கள். முதல் வாரம் அந்தப் பழகிய வாசனை உதவும்.