தாய்ப்பூனையும் பால்குடிக் குட்டிகளும்: தெள்ளுப்பூச்சியை எங்கிருந்து ஒழிக்கத் தொடங்குவது?

ஜன்னலோரம்:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு தாய்ப்பூனையும் அதன் நான்கு குட்டிகளும் இப்போது என் பொறுப்பில் இருக்கின்றன, நிரந்தரமாக வளர்க்க ஆள் கிடைக்கும் வரைக்கும்தான். குட்டிகள் கண் திறந்துவிட்டன, தத்தித் தத்தி நடக்கின்றன, மூன்று வாரம் இருக்கலாம் என்பது என் கணக்கு, பிறந்த நாள் யாருக்கும் தெரியாது. தாய் ஓயாமல் கழுத்தைச் சொறிகிறது. நேற்று ஒரு குட்டியைத் தூக்கி வயிற்றைப் பார்த்தால் முடிக்கு நடுவே சரசரவென்று ஓடுகின்றன, பிடிக்கப் போனால் குதித்துவிடுகின்றன, அதனால் உண்ணி இல்லை, தெள்ளுதான். படுக்கைத் துணி முழுக்க மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளி.

கடையில் கிடைக்கும் மருந்து எதை எடுத்தாலும் 8 வாரத்துக்கு மேற்பட்ட குட்டிகளுக்கு என்று போட்டிருக்கிறது. தாய்க்கு மருந்து போட்டால் பால் வழியாகக் குட்டிகளுக்குப் போகுமா? குளிப்பாட்டலாமா? வீட்டில் ஒரு நாயும் இருக்கிறது (தனி அறையில்தான்), அதற்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்து கைவசம் இருக்கிறது. எதை முதலில் செய்வது என்றே புரியவில்லை.

பஞ்சுவால்:
மருந்தைப் பற்றி அப்புறம் பேசலாம். இந்தப் பதிலைப் படித்ததும் முதல் வேலையாக நான்கு குட்டிகளின் உதட்டையும் லேசாகத் தூக்கி ஈறு என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது என்று அர்த்தம். வெள்ளையாகவோ வெளிறியோ இருந்தால், குட்டி துவண்டு கிடந்தால், பால் குடிக்க மற்றவற்றோடு முண்டியடிக்காமல் ஒதுங்கினால், தொட்டால் சில்லென்று இருந்தால், அது ரத்தசோகை. வீட்டு வைத்தியத்துக்கெல்லாம் நேரமே இல்லை, உடனே கால்நடை மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, கணக்கைப் பாருங்கள். பூனையின் உடம்பில் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 60 மில்லி ரத்தம். உங்கள் குட்டி 350 கிராம் என்று வைத்துக்கொண்டால் அதன் மொத்த ரத்தமே 20 மில்லி சொச்சம்தான், நான்கு டீஸ்பூன். பெண் தெள்ளுகள் 70 சேர்ந்தால் ஒரு நாளைக்கு 1 மில்லி ரத்தம் குடித்துவிடும். பெரிய பூனைக்கு வெறும் அரிப்பு, குட்டிக்கு அது உயிர்ப் பிரச்சினை.

ஈறு நன்றாக இருந்தால் சீப்பை எடுங்கள். தெள்ளு சீப்பு என்றே தனியாக விற்கிறார்கள், பற்கள் மிக நெருக்கமாக இருக்கும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. வெறும் தண்ணீரில் போட்டால் தெள்ளு மிதந்து, குதித்துத் தப்பிவிடும், சோப்பு கலந்தால் மூழ்கிவிடும். தலையிலிருந்து வாலை நோக்கிச் சீவி, ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பைக் கிண்ணத்தில் முக்குங்கள். தாடைக்கு அடியில், காதுக்குப் பின்னால், அக்குளில், பின்னங்காலுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள மடிப்பில், வால் தொடங்கும் இடத்தில் அதிகமாக இருக்கும். காலையும் மாலையும் செய்யுங்கள். இந்த வயதில் இதைவிடப் பத்திரமான வழி கிடையாது.

சும்மாஒருவன்:
நாய் மருந்துதான் கையில் இருக்கிறதே, தாய்க்கு அதில் ஒரே ஒரு சொட்டு கழுத்தில் விட்டால் போதாதா? அளவைக் குறைத்துக்கொண்டால் சரியாகப் போய்விடும் என்று நினைக்கிறேன். என் நண்பர் ஒருவர் அப்படித்தான் செய்வார்.

வால்முறுக்கி:
தயவுசெய்து வேண்டாம்! ஜன்னலோரம், மேலே உள்ளதைச் செய்துவிடாதீர்கள். நாய்களுக்கான பல சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாயின் கல்லீரல் அதை உடைத்து வெளியே தள்ளிவிடும், பூனையின் கல்லீரலுக்கு அதற்கான சக்தி மிகக் குறைவு. அளவைக் குறைத்தால் ஆகிவிடும் என்ற பேச்சே இதில் எடுபடாது, பெரிய நாய்க்கான குப்பியில் இருப்பது அவ்வளவு அடர்த்தி. முகமும் காதும் துடிக்க ஆரம்பிக்கும், அப்புறம் உடம்பெல்லாம் நடுக்கம், வலிப்பு, செத்தும் போகும். நண்பரின் பூனை பிழைத்திருந்தால் அந்த மருந்தில் பெர்மெத்ரின் இல்லாமல் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று, நாய்க்கு அந்த மருந்தைப் போட்டாலும் அது காயும் வரை பூனை அதை உரசவோ அதன் படுக்கையில் படுக்கவோ கூடாது. அட்டையில் உள்ள மூலப்பொருள் பெயரைப் படியுங்கள். பெர்மெத்ரின் என்று இருந்தால், இந்தக் குடும்பம் வீட்டில் இருக்கும் வரை நாய்க்கும் வேறு மருந்து கேட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் நாய்க்கு மருந்து போடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். பூனைத் தெள்ளு நாய் மேலும் ஜோராகக் குடித்தனம் நடத்தும்.

இயற்கை மருந்து என்று யாராவது சொல்ல வருவதற்கு முன்னால் அதையும் சொல்லிவிடுகிறேன். டீ ட்ரீ ஆயில், கற்பூரம் இரண்டும் பூனைக்கு விஷம். பூண்டு உள்ளே போனால் சிவப்பணுக்களைச் சிதைக்கும், ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்புக்கு அதைக் கொடுப்பானேன்? தெள்ளுக்கான கழுத்துப்பட்டையும் இப்போது வேண்டாம், குட்டிகள் தாயின் கழுத்தோடு ஒட்டிப் படுக்கும், நக்கும்.

மருந்துச்சீட்டு:
நான் ஒரு கால்நடை மருத்துவமனையில் உதவியாளர். பெயர்களைச் சொல்கிறேன், ஆனால் அளவும் முடிவும் உங்கள் மருத்துவருடையது.

தாய்க்கு: செலமெக்டின் உள்ள சொட்டு மருந்தைப் பாலூட்டும் பூனைக்கும் போடலாம் என்று அதன் அட்டையிலேயே இருக்கும். மருத்துவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். தலையோடு கழுத்து சேரும் இடத்தில், நாக்கு எட்டாத இடமாகப் பார்த்து, முடியை விலக்கித் தோலில் விட வேண்டும். முடி மேலேயே ஊற்றிவிட்டுப் பலிக்கவில்லை என்று வருபவர்கள் ஏராளம். விட்ட இடம் காயும் வரை குட்டிகளைத் தனியே கதகதப்பாக வையுங்கள். மருத்துவமனையில் எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், குட்டிகளுக்குப் பசிக்கும்.

குட்டிகளுக்கு: நைட்டென்பைரம் மாத்திரை வேகமானது, அரை மணி நேரத்தில் தெள்ளுகள் சாக ஆரம்பிக்கும். இதற்கு 4 வாரம் ஆகியிருந்தால் போதும் என்று கேள்விப்பட்டு வருகிறார்கள், அட்டையில் வயதோடு எடையும் போட்டிருப்பதை விட்டுவிடுகிறார்கள். குறைந்தது 900 கிராம் இருக்க வேண்டும். 4 வாரக் குட்டி சுமார் 400 கிராம்தான் இருக்கும், 900 கிராம் வர 8 வாரம் பக்கத்தில் ஆகிவிடும். மாத்திரையின் வேலை ஓரிரு நாளில் தீர்ந்துவிடும், ஆகவே அது மட்டும் போதாது.

ஃபிப்ரோனில் ஸ்ப்ரே சில நாடுகளில் பிறந்து 2 நாளான குட்டிக்கே அனுமதிக்கப்பட்டது. ஆனால் அதில் ஆல்கஹால் இருக்கிறது, ஈரத்தில் குட்டி விறைத்துப்போகும், அளவும் எடையைப் பார்த்துக் கணக்கிடுவது. மருத்துவர் அடித்தால் சரி, நீங்களாக வாங்கி அடிக்காதீர்கள்.

சமையலறைத் தராசு இருந்தால் தினமும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு குட்டியையும் எடை போட்டு எழுதி வையுங்கள். நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஏறாத குட்டிதான் முதலில் சிக்கலில் மாட்டும்.

ஜன்னலோரம்:
எல்லோருக்கும் நன்றி. நாய் மருந்தின் அட்டையைப் பார்த்தேன், பெர்மெத்ரின் இருக்கிறது, அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. மூன்று குட்டிகளின் ஈறு நன்றாகவே இருக்கிறது. எல்லாவற்றிலும் சின்னதாக இருக்கும் சாம்பல்நிறக் குட்டிக்கு மட்டும் மற்றவற்றைவிட வெளிறி இருப்பது போலத் தெரிகிறது. பால் குடிக்கிறது, ஆனால் சீக்கிரமே தூங்கிவிடுகிறது. அதை மட்டும் குளிப்பாட்டிவிட்டால் ஒரேயடியாகத் தெள்ளு போய்விடாதா? இல்லை, நாளை வரை பார்க்கலாமா?

பஞ்சுவால்:
நாளை வேண்டாம், இன்றே போங்கள். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தெரிகிற அளவு வெளிறியிருந்தால் அது போதும் காரணம். போகும்போது ஒரு பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, துணி சுற்றி, கூடையில் ஒரு ஓரமாக வையுங்கள், சூடு அதிகமானால் குட்டி விலகிப் படுக்க இடம் இருக்கட்டும். தாயையும் மற்ற மூன்றையும் கூடவே எடுத்துப் போனால் ஒரே தடவையில் எடையும் பார்த்து மருந்தும் வாங்கிவிடலாம்.

பலவீனமான குட்டியைக் குளிப்பாட்டாதீர்கள். இந்த வயதில் உடம்புச் சூட்டைத் தானாகக் காத்துக்கொள்ளத் தெரியாது, ஈரமும் குளிரும் சேர்ந்தால் தெள்ளை முந்திக்கொண்டு குளிரே கொன்றுவிடும். சீப்பு மட்டும், அதுவும் கதகதப்பான துண்டின் மேல் வைத்து.

வால்முறுக்கி:
குளியலே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். நன்றாக இருக்கும் குட்டி மேல் சீப்பால் சமாளிக்க முடியாத அளவுக்குத் தெள்ளு மொய்த்தால் நான் குளிப்பாட்டுவேன். முதலில் கழுத்தைச் சுற்றி நுரையால் ஒரு வளையம் போட வேண்டும். தண்ணீர் பட்டதும் தெள்ளுகள் முகத்தை நோக்கித்தான் ஓடும், வளையம் இருந்தால் அங்கேயே சிக்கும். கண்ணிலும் காதிலும் படாமல் உடம்பை மட்டும் கழுவி, சில நிமிடத்துக்குள் முடித்து, துண்டால் ஒற்றி, முழுதாகக் காய்ந்த பிறகு தாயிடம் விடுங்கள். முகத்துக்குச் சீப்புதான். ஒரு நேரத்தில் ஒரு குட்டி. நான்கையும் ஒன்றாக நனைத்துவிட்டு எதை முதலில் துடைப்பது என்று திண்டாட வேண்டாம். வாசனை மாறியதென்று தாய் கொஞ்சம் முகர்ந்து பார்க்கும், அப்புறம் தானே நக்க ஆரம்பித்துவிடும். அதனால்தான் சோப்பை மிச்சமில்லாமல் அலசுவது முக்கியம்.

மூலைவிளக்கு:
பூனையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், பாதிப் பிரச்சினைக்கும் மேல் தரையில் கிடக்கிறது. வளர்ந்த தெள்ளு பூனை மேலேயே தங்கும். ஆனால் ஒரு பெண் தெள்ளு நாளுக்கு 40, 50 முட்டை போடும், முட்டைகள் ஒட்டாமல் உதிர்ந்து பூனை படுக்கும் இடமெல்லாம் விழும். அந்தக் கரும்புள்ளி தெள்ளின் எச்சம், செரித்த ரத்தம். ஈரமான வெள்ளைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள், செம்பழுப்பாகக் கரையும். முட்டையிலிருந்து வரும் புழுக்களுக்கு அதுதான் சாப்பாடு, அதாவது குட்டிகளின் படுக்கையிலேயே அடுத்த தலைமுறைக்குப் பந்தி நடக்கிறது.

அதனால் படுக்கைத் துணியைத் தினமும் மாற்றுங்கள். வெளிர் நிறத் துணியாக இருந்தால் புள்ளி குறைகிறதா என்று கண்ணுக்குத் தெரியும். தூக்கும்போது நான்கு மூலையையும் உள்ளே மடித்துச் சுருட்டி எடுங்கள், உதறினால் முட்டையெல்லாம் தரைக்குப் போய்விடும். 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். படுக்கைப் பெட்டி அட்டையாக இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வைப்பது சுலபம். அறையை வாக்யூம் செய்து, தூசிப்பையை உடனே கட்டி வெளியே போடுங்கள். சுவரோரமும் சோபா அடியும் முக்கியம், புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. கம்பளம் இல்லாத சின்ன அறைக்கு மொத்தக் குடும்பத்தையும் மாற்ற முடிந்தால் வேலை பாதியாகும்.

தரைக்கு அடிக்கும் பூச்சி மருந்துகளிலும் பெர்மெத்ரின் இருக்கும், குட்டிகள் உள்ள அறைக்குள் அது வேண்டவே வேண்டாம்.

கூட்டுப்புழு ஒன்றுக்குத்தான் நம்மிடம் மருந்து இல்லை. பிசுபிசுப்பான கூட்டுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும், மருந்து உள்ளே போகாது. அதிர்வும் சூடும் மூச்சுக்காற்றும் பட்டால்தான் வெளியே வரும். ஆகவே இரண்டு வாரம் கழித்துத் திடீரென்று புதுத் தெள்ளுகளைப் பார்த்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று இன்னொரு மருந்தை மேலே போட்டுவிடாதீர்கள். பழைய கூடுகள் பொரிகின்றன, அவ்வளவுதான். தாயின் மருந்தைத் தேதி தவறாமல் போட்டுக்கொண்டே வந்தால் இரண்டு மூன்று மாதத்தில் ஓயும்.

ஜன்னலோரம்:
போய் வந்துவிட்டோம். சின்னதற்கு ரத்தசோகைதான், ஆரம்ப நிலை. ரத்தம் ஏற்றும் அளவுக்குப் போகவில்லை என்றார் மருத்துவர். அங்கேயே சீப்பால் எடுத்து, கதகதப்பாக வைத்து, கூடுதலாகப் புட்டிப்பால் கொடுக்கச் சொல்லி அனுப்பினார். தாய்க்குச் செலமெக்டின் போட்டாயிற்று. நாய்க்கும் வேறு மருந்து வாங்கியாயிற்று. அறையைக் காலி செய்து வெறும் தரையாக வைத்திருக்கிறேன், தாய்க்கு அது துளியும் பிடிக்கவில்லை, ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு அலமாரிக்குள் குடிபோகப் பார்க்கிறது.

ஒரு சந்தேகம். தாயின் வால் பக்கம் அரிசி போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது, லேசாக நெளிந்தது. இதுவும் தெள்ளோடு சேர்ந்ததா?

மருந்துச்சீட்டு:
ஆமாம், நாடாப்புழுவின் துண்டு அது. தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது பூனை தெள்ளை விழுங்கும், அதற்குள் இருக்கும் நாடாப்புழு குடலில் வளரும். படம் எடுத்து மருத்துவருக்குக் காட்டுங்கள், பால் கொடுக்கும் தாய் என்பதை மறக்காமல் சொல்லுங்கள், பிராசிகுவாண்டெல் கொடுப்பார்கள். தெள்ளு குறையாமல் புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் சில வாரத்தில் திரும்ப வந்து நிற்கும், அதனால் எப்போது கொடுப்பது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அலமாரிக் கதவை மூடி வையுங்கள், உள்ளே துணி இருந்தால் முட்டை அங்கேயும் போய்விடும்.