கொல்லிமலை செம்மண் பாதைக்கு வி-கிராஸில் எம்டி டயர் போடலாமா?

மலைத்தோட்டம் | அக்டோபர் 14, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2017 இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப், 2.5 லிட்டர் டீசல், மேனுவல் கியர். 84,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கம்பெனி டயர் அளவு 245/70 ஆர்16. இப்போது கிடப்பது சாதாரண நெடுஞ்சாலை டயர், பட்டன் (தரையைத் தொடும் ரப்பர்க் கட்டை) 3 மில்லிமீட்டர்தான் மிச்சம். எப்படியும் மாற்ற வேண்டும்.

எங்கள் மிளகுத் தோட்டம் செம்மேட்டைத் தாண்டி இருக்கிறது. தார் ரோட்டை விட்டு இறங்கினால் நான்கு கி.மீ. செம்மண் பாதை. வெயில் காலத்தில் கார்கூடப் போய்விடும். மழை பிடித்துவிட்டால் நிலைமையே வேறு. போன வாரம் ஓடையைத் தாண்டியதும் வரும் ஏற்றத்தில் வண்டி உட்கார்ந்துவிட்டது. இந்த வருடத்தில் இது மூன்றாவது தடவை. பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் வந்து இழுத்துவிட்டது. அவர் காசு வாங்க மாட்டேன் என்கிறார், அதனாலேயே திரும்பக் கூப்பிடக் கூச்சமாக இருக்கிறது.

கோயம்புத்தூர் நண்பர் ஒருவர், "யோசிக்காதே, எம்டி போடு, 265/70 அளவில் போடு" என்கிறார். எம்டி என்றால் சேற்றுக்கென்றே வரும் மட் டெரெய்ன் டயர். பார்க்கவும் கம்பீரமாகத்தான் இருக்கிறது. போடலாமா? நான்கும் வாங்கக் கட்டுப்படியாகாவிட்டால் பின்னால் இரண்டு மட்டும் போட்டால் போதுமா?

மண்பாதை | அக்டோபர் 14, இரவு 10:15

போடுங்கள், சந்தேகமே வேண்டாம். நான் ஐந்து வருடமாக எம்டி ஓட்டுகிறேன். செம்மண் களி ஏடி (ஆல் டெரெய்ன், தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான) டயரின் இடைவெளியில் அப்பிக்கொண்டால் அப்புறம் அது மொட்டை டயர்தான். எம்டியில் பட்டன்களுக்கு நடுவே விரல் போகிற இடைவெளி இருக்கும், சக்கரம் சுற்றும்போது மண்ணை உதறிவிடும். சத்தம் வரும், பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

டயர்கடை_நாமக்கல் | அக்டோபர் 15, காலை 7:05

தம்பி, முதலில் அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் வண்டிக்கு ஆபத்து இருக்கிறது. பின்னால் மட்டும் இரண்டு போடாதீர்கள்.

எங்கள் ஊரில் லாரிக்கு முன்னால் ரிப் (நீளவாக்கில் கோடு போட்ட டயர்), பின்னால் லக் (தடித்த குறுக்குப் பட்டன் டயர்) போடுவது காலங்காலமாக நடக்கிறது. லாரிக்கு அது சரி, பின் சக்கரம் மட்டும்தான் தள்ளுகிறது. உங்கள் வண்டியில் 4எச் (நான்கு சக்கரமும் தள்ளும் சாதாரண வேக நிலை) போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடு ஒன்று பூட்டிக்கொள்ளும். நடுவில் இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. முன் டயரும் பின் டயரும் வேறு வேறு சுற்றளவாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று முறுக்கும். களியில் சக்கரம் வழுக்கி அந்த முறுக்கு தானாக விட்டுப்போகும். பிடிப்பான தரையில் விடாது, இரண்டு அச்சுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் அடி வாங்கும். போட்டால் நான்கும் ஒரே மாதிரி, ஒரே நாளில்.

எம்டியா ஏடியா என்பதற்கு முன்னால் எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். வண்டி மாட்டியபோது தொட்டியில் பாரம் இருந்ததா, காலியா? டயரில் காற்று எவ்வளவு? 4 வீல் எப்போது போட்டீர்கள், ஏற்றத்துக்கு முன்னாலா, சிக்கிய பிறகா?

மலைத்தோட்டம் | அக்டோபர் 15, காலை 8:20

அண்ணா, மூன்று தடவையும் காலி வண்டிதான், மேலே போகும்போது. இறங்கும்போது மூட்டை இருக்கும், அப்போது மாட்டியதில்லை. காற்று நான்கிலும் 40 பிஎஸ்ஐ. பாரம் ஏற்றுகிறோமே என்று எப்போதும் அப்படித்தான் வைத்திருப்பேன். 4 வீல் போட்டது... சிக்கிய பிறகுதான். 4எச்.

டயர்கடை_நாமக்கல் | அக்டோபர் 15, காலை 8:55

நினைத்தேன்.

டீசல் என்ஜின், கியர்பாக்ஸ், நீங்கள், பக்கத்தில் உட்காருபவர் எல்லாம் முன்னால். பின்னால் வெறும் தகரத் தொட்டி. காலி பிக்கப்பில் பின் சக்கரத்தின் மேல் எடையே இல்லை, அதில் 40 பவுண்டு காற்றும் இருந்தால் டயர் கல் மாதிரி நிற்கும். மண்ணில் உள்ளங்கை அகலம்கூடப் பதியாது. 2எச்சில் (பின் சக்கரம் மட்டும் தள்ளும் நிலையில்) ஏறினால் அந்த எடையில்லாத சக்கரம்தான் வண்டியைத் தள்ள வேண்டும். அது சுற்றிக் குழி தோண்டிய பிறகு 4 வீல் போட்டு என்ன பயன்?

புது டயர் வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவை இப்படிச் செய்து பாருங்கள். தார் முடிகிற இடத்தில் நிறுத்தி நான்கிலும் 22-க்கு இறக்குங்கள். அங்கேயே 4எல் (நான்கு சக்கரமும் தள்ளும், வேகம் குறைந்து இழுவை கூடிய நிலை). ஓடைக்கு முன்னால் இரண்டாவது கியர், ஏற்றம் முடியும்வரை கியர் மாற்றாமல், ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் பிடித்துப் போங்கள். 30 கி.மீ. வேகத்தைத் தாண்ட வேண்டாம், கூர்மையான கல் இருக்கும் இடத்தில் இன்னும் மெதுவாக. 15-க்குக் கீழே இறக்கினால் வளைக்கும்போது ரிம்மை விட்டு டயர் கழன்றுவிடும், அந்த விளையாட்டு வேண்டாம்.

திரும்பி வரும்போது தார் ரோட்டைத் தொட்டதும் மறக்காமல் காற்று ஏற்ற வேண்டும், கதவோர ஸ்டிக்கரில் பாரத்துக்கு என்ன போட்டிருக்கிறதோ அந்த அளவுக்கு. தொய்ந்த டயரோடு, மூட்டையும் வைத்துக்கொண்டு கொல்லிமலை இறங்குவது தற்கொலை.

மண்பாதை | அக்டோபர் 15, காலை 11:30

காற்று இறக்குவது சரிதான், நானும் செய்வேன். ஆனால் டயரே நெடுஞ்சாலை டயர், 3 மில்லிமீட்டர். அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள்? கடைசியில் எம்டிக்குத்தான் வர வேண்டும்.

கூடலூர்க்காரன் | அக்டோபர் 15, மதியம் 2:10

நான் தேயிலைத் தோட்டத்தில் பிக்கப் ஓட்டுகிறவன், எம்டி இரண்டு செட் தேய்த்திருக்கிறேன். எம்டி மோசம் என்று சொல்ல மாட்டேன். மேலே களி, கீழே கெட்டித் தரை என்றால் அதற்கு இணையே இல்லை, களியைத் தோண்டிக் கீழே போய்க் கெட்டியைப் பிடித்துக்கொள்ளும். கீழேயும் களியாக இருந்தால் அதே தோண்டல் வண்டியை அச்சுவரை புதைத்துவிடும். அப்புறம், மண்ணை உதறும் என்கிறார்களே, அதற்குச் சக்கரம் வேகமாகச் சுற்ற வேண்டும். காலி பிக்கப்பில் வேகமாகச் சுற்றவிட்டால் பின்பக்கம் பக்கவாட்டில் ஓடும். அந்தப் பாதையில் ஒரு பக்கம் பள்ளமா?

என்னுடைய கவலை வேறு. காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. உங்கள் பயணத்தில் மண் பாதை நான்கு கி.மீ.தான், மீதி முழுக்கத் தார், அதுவும் மழையில். எம்டியில் தரையைத் தொடும் ரப்பர் குறைவு, பட்டன்கள் உயரமாக இருப்பதால் பிரேக் அடிக்கும்போது மடங்கும். ஈரத் தாரில் நிற்க ஏடியைவிடக் கூடுதல் தூரம் எடுக்கும். வெறும் வண்டியே இரண்டு டன்னுக்குக் கொஞ்சம்தான் குறைவு, அதோடு மிளகு மூட்டையும் சேர்ந்து இறக்கத்தில் தள்ளும்போது அது விளையாட்டல்ல. எனக்கு ஒரு தடவை வளைவில் எதிரே பஸ். மோதவில்லை. ஆனால் நான் நினைத்த இடத்தில் வண்டி நிற்கவில்லை, ஒரு ஆள் நீளம் தள்ளித்தான் நின்றது. அடுத்த செட் ஏடிக்கு மாறிவிட்டேன்.

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 15, மாலை 6:45

அளவைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான். 245/70 ஆர்16-இன் விட்டம் சுமார் 749 மி.மீ. 265/70 ஆர்16 போட்டால் 777. அதாவது 3.7 சதவீதம் பெரிசு. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜத்தில் 62 போய்க்கொண்டிருப்பீர்கள், அது பெரிய விஷயமில்லை. கியர் எல்லாம் அதே 3.7 சதவீதம் நீண்டுபோகும், முதல் கியரில் ஏறும் வளைவில் கிளட்ச் கூடுதலாகத் தேயும், அதுதான் விஷயம். கொண்டை ஊசியில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்க வேண்டும், அப்போது அகல டயர் உள்ளே உரச வாய்ப்பிருக்கிறது. கம்பெனி குறிப்பிடாத அளவு போட்டால் இன்சூரன்ஸ்காரரும் விபத்து நேரத்தில் கேள்வி கேட்பார்.

டயர் பக்கச் சுவரில் அளவுக்குப் பின்னால் வரும் எண்ணையும் பாருங்கள். 107 என்றால் ஒரு டயர் தாங்குவது 975 கிலோ, 111 என்றால் 1,090, 113 என்றால் 1,150. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து வேகம்: எஸ் 180 கி.மீ., டி 190. எம்டியில் பெரும்பாலும் கியூ, அதாவது 160. மலைக்கு அது போதும். உங்கள் பழைய டயரில் உள்ள எண்ணுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள்.

மலைத்தோட்டம் | அக்டோபர் 15, இரவு 9:15

பள்ளம் இருக்கிறது, இடது பக்கம், சில்வர் ஓக் மரங்கள் வரை. பக்கவாட்டில் ஓடுவது பற்றிப் படித்ததும் வயிறு கலங்கிவிட்டது.

சனிக்கிழமை மேலே போகிறேன். 22 பிஎஸ்ஐ பரிசோதனை செய்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

மலைத்தோட்டம் | அக்டோபர் 20, இரவு 8:30

போய்விட்டு வந்தேன். வெள்ளி இரவு நல்ல மழை, பாதை முழுக்கச் சேறு. தார் முனையில் 22-க்கு இறக்கினேன், 4எல், இரண்டாவது கியர். போன வாரம் உட்கார்ந்த அதே ஏற்றத்தில், அதே தேய்ந்த டயரில், ஒரு தடவைகூட நிற்காமல் ஏறிவிட்டது. பக்கத்தில் இருந்த அப்பாவுக்குப் பெரிய வியப்பெல்லாம் இல்லை, "அந்தக் காலத்து ஜீப்புக்கும் இதைத்தான் செய்வோம்" என்றார். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், நான் கேட்கவில்லையாம்.

மாட்டிய இடம் ஒன்றே ஒன்று, தோட்ட வாசலுக்கு முன்னால், தண்ணீர் தேங்கும் குழி. அங்கே டயர் முழுக்கக் களி அப்பி வழவழவென்று ஆகிவிட்டது. மண்பாதை சொன்னதும் பொய்யில்லை. பின்னால் வந்து, பக்கத்தில் கிடந்த கல்லைப் போட்டு ஏறினேன்.

12 வோல்ட் கம்ப்ரஸரில் நான்குக்கும் காற்று ஏற்ற அரை மணி நேரம் ஆனது. இப்போது ஏடிதான் என்று முடிவு செய்துவிட்டேன், அதே 245/70 ஆர்16. எல்டி (லைட் டிரக், பார வண்டிக்கான டயர்) என்று போட்டிருப்பது வாங்க வேண்டுமா, சாதாரணமா?

டயர்கடை_நாமக்கல் | அக்டோபர் 21, காலை 6:50

பாதையில் உடைந்த கல், வேர்க்கட்டை இருந்தால் எல்டி நல்லது, பக்கச் சுவர் தடிப்பு, கிழியாது. ஆனால் எல்டி டயர் எடையும் அதிகம், குலுக்கலும் அதிகம். அதைவிட முக்கியம், அதே பாரத்தைத் தாங்க அதற்குக் கூடுதல் காற்று வேண்டும். ஒரு உதாரணம், எல்டி 245/75 ஆர்16-இல் 80 பவுண்டு ரகம்: 80 இருந்தால் 1,380 கிலோ தாங்கும், 50-இல் 1,000 கிலோதான். கதவோர ஸ்டிக்கர் கம்பெனி டயருக்காக எழுதியது, அந்தக் காற்றை அப்படியே எல்டிக்கு வைத்தால் பாரத்தில் சூடாகிவிடும். உங்களுக்கு எத்தனை மூட்டை?

மலைத்தோட்டம் | அக்டோபர் 21, காலை 7:30

உரம் ஏற்றினால் எட்டு மூட்டை, 400 கிலோ. மிளகு அதைவிடக் குறைவு. கல் அதிகம் இல்லை, மண்தான்.

டயர்கடை_நாமக்கல் | அக்டோபர் 21, காலை 7:40

அப்போது சாதாரண ஏடியே போதும். யோகோஹாமா ஜியோலேண்டர் ஏடி கிடைத்தால் பாருங்கள், நம் ஊர்க் கம்பெனிகளிலும் ஏடி வருகிறது. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு சில வெளிநாட்டு டயர்கள் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் பழைய சரக்காக இருக்கலாம். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. இரண்டு வருடத்துக்கு மேல் என்றால் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கடைக்காரன் நானே சொல்கிறேன்.

மண்பாதை | அக்டோபர் 21, காலை 10:05

தோற்றுவிட்டேன். ஆனால் அந்த வாசல் குழிக்கு ஒரு லோடு ஜல்லி அடியுங்கள், இல்லாவிட்டால் ஏடியும் அங்கே மாட்டும்.

மலைத்தோட்டம் | ஜனவரி 27, இரவு 7:50

கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவன் என்று நினைக்க வேண்டாம். அக்டோபர் கடைசியில் நான்கு ஏடி போட்டேன், தயாரித்து நான்கு மாதம் ஆனவை. மழை முழுக்க ஓட்டிவிட்டேன், டிராக்டரைக் கூப்பிடவே இல்லை. காலியாகப் போகும்போது உரமோ மணல் மூட்டையோ நூறு கிலோவாவது பின் அச்சுக்கு மேலே வைத்துக் கட்டிவிடுகிறேன். லிட்டருக்கு அரை கி.மீ. மைலேஜ் குறைந்திருக்கிறது. வாசல் குழிக்கு ஜல்லி அடித்தாயிற்று. இப்போது மிளகு பறிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு சந்தேகம் மட்டும். ஸ்டெப்னி பழைய நெடுஞ்சாலை டயரேதான், அந்த 3 மில்லிமீட்டர் காரன். பஞ்சரானால் அதைப் போட்டு 4 வீலில் ஓட்டலாமா?

டயர்கடை_நாமக்கல் | ஜனவரி 28, காலை 6:40

ஓட்டாதீர்கள். புது டயருக்கும் அதற்கும் விட்டத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்கும். ஸ்டெப்னி போட்டிருக்கும்வரை 2எச், தார் ரோட்டில் மட்டும், நேரே பஞ்சர் கடைக்கு. வசதிப்படும்போது ஐந்தாவதாக ஒரே மாதிரி ஏடி வாங்கி, 8,000 கி.மீ.க்கு ஒரு முறை ஐந்தையும் சுற்றி மாற்றிப் போடுங்கள், எல்லாம் ஒன்றாகத் தேயும். பழையதைத் தூக்கிப் போடாமல் கடைக்குக் கொண்டு வாருங்கள், ஏதாவது விலை போட்டு எடுத்துக்கொள்கிறேன்.