இன்னொரு ஜிடிஎக்ஸ் 1070 கிராஃபிக்ஸ் கார்டு சேர்ப்பதா, ஒரே பெரிய கார்டுக்குப் போவதா?

1440பி மானிட்டர் வாங்கியதிலிருந்து பிசி திணறுகிறது. சைபர்பங்க் 2077-இல் மீடியம் வைத்தாலும் 40 எஃப்பிஎஸ் (நொடிக்கு 40 ஃபிரேம்) தாண்ட மாட்டேன் என்கிறது, கூட்டமான தெருவுக்குள் நுழைந்தால் 30-க்கு இறங்கிவிடுகிறது.

கார்டு ஜிடிஎக்ஸ் 1070, 8 ஜிபி மெமரி. ரைசன் 5 3600, எக்ஸ்470 போர்டு, 16 ஜிபி ரேம், 650 வாட் பவர் சப்ளை. சென்னை, ஏசி இல்லாத அறை. டிரைவரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன், தெர்மல் பேஸ்ட் மாற்றினேன், ஓவர்கிளாக்கும் செய்தாயிற்று. நாலைந்து ஃபிரேம் கூடியதோடு சரி. கார்டு 99 சதவீதத்தில் நிற்கிறது, சிபியு பாதிகூட வேலை செய்யவில்லை.

நண்பர் தன் 1070-ஐ எஸ்எல்ஐ (இரண்டு கார்டைச் சேர்த்து ஒரே கேமை ஓட்டும் என்விடியா முறை) பிரிட்ஜோடு 8,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். போர்டு இரண்டு ஸ்லாட்டுக்கும் எட்டெட்டு லேன் (டேட்டா போகும் பாதை) பிரித்துக் கொடுக்கும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் 2021 ஜனவரியிலிருந்து என்விடியா இந்தத் தலைமுறை கார்டுகளுக்குப் புது எஸ்எல்ஐ ப்ரொஃபைல் (ஒரு கேம் இரண்டு கார்டையும் பயன்படுத்த டிரைவரில் தரும் அமைப்பு) விடுவதில்லை, இரண்டு கார்டு போட்டாலும் 8 ஜிபி 16 ஆகிவிடாது, இரண்டிலும் ஒரே டேட்டாதான் உட்காரும். அப்புறம் சூடு. அதே அளவில் அட்டை வெட்டி ஸ்லாட்டில் வைத்துப் பார்த்தேன், மேல் கார்டின் ஃபேனுக்குக் கீழே ஒரு விரல் இடைவெளிதான் மிஞ்சுகிறது, மே மாதத்தில் அது வெந்தே போகும். இன்னொரு வழி, இருப்பதை விற்றுக் காசு சேர்த்து செகண்ட் ஹேண்ட் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி. என்றாலும் பாதி நேரம் நான் ஆடுவது ஜிடிஏ 5, அதில் எஸ்எல்ஐ வேலை செய்யும் என்பதால்தான் மனசு ஊசலாடுகிறது.

இரண்டு 1070 போட்டு ஓட்டியவர்கள் சொல்லுங்கள்: இந்த நிலையில் 8,000 ரூபாய் கொடுத்து இன்னொன்று வாங்குவீர்களா, 3060-க்கே போய்விடுவீர்களா?