தனுஷ்கோடியில காலம் நிலையா இல்லன்னா, அதுக்கு என்ன விதி வைக்கலாம்? (குறுநாவலுக்கு யோசனை வேணும்)

மண்டபம் வாசகி:
எல்லாருக்கும் வணக்கம். அறிவியல் புனைகதை ஒண்ணு எழுதிட்டு இருக்கேன், குறுநாவல் அளவு, பாதி முடிஞ்சிருச்சு. களம் தனுஷ்கோடி. கதைப்படி, தனுஷ்கோடியை நிஜமா அழிச்ச 1964 புயல் சில தெருவுக்கு வந்துச்சு, சில தெருவுக்கு வரவே இல்ல. வராத தெருவெல்லாம் மாடி மேல மாடியா வளர்ந்து பெரிய நகரமாயிருச்சு, அங்க இன்னும் போட் மெயில் ரயில் வந்து நிக்குது, ஜனங்க இறங்கி இலங்கையில இருக்கிற தலைமன்னாருக்கு கப்பல் ஏறுறாங்க. அடுத்த தெருவுல திரும்பினா இடிஞ்ச சர்ச்சும் மணலும்தான். நேத்து பெயிண்ட் அடிச்ச சுவர் இன்னைக்கு காலையில அறுபது வருஷ உப்புக்காத்துல அரிச்சுப்போய் பவளக்கல்லு வெளிய தெரியுது. எந்த தெரு எப்ப எந்த வருஷத்துக்கு மாறும்னு எனக்கு ஒரு விதி வேணும். இல்லன்னா என் வசதிக்கு காலத்தை மாத்திக்கிறேன்னு படிக்கிறவங்க கண்டுபிடிச்சிருவாங்க. மெஷின், லேப், விஞ்ஞானி எதுவும் வேணாம், அந்த ஊர்ல ஏற்கெனவே இருக்கிற ஏதாவது ஒண்ணு காலத்தை நகர்த்தணும்.

பாம்பன் கரைவலை:
காத்தை வையுங்கக்கா. நமக்கு காலண்டரே அதுதானே. வாடை, அதான் வடகிழக்கு காத்து, அடிக்கிற ஐப்பசி கார்த்திகை மார்கழியில வடகடல் கிடந்து குமுறும், தென்கடல் குளம் மாதிரி கிடக்கும், கச்சான்ங்கிற தென்மேற்கு காத்து கிளம்பிட்டா அப்படியே தலைகீழ், தென்கடல் ஆடும் வடகடல் அடங்கும், நாங்களும் வள்ளத்தை அந்தக் கரையில இருந்து இந்தக் கரைக்கு மாத்திருவோம். அங்க சில இடத்துல ரெண்டு கடலுக்கும் நடுவுல துண்டு நிலம்தான் இருக்கு. அதனால வாடையில வடக்குத் தெரு உடையட்டும், கச்சான்ல தெக்குத் தெரு உடையட்டும். புயல் வந்ததும் மார்கழி வாடையிலதான், அதனால ஒவ்வொரு மார்கழிக்கும் 1964 வடக்கு கரை வழியா ஊருக்குள்ள வரும். வலை இழுக்குற ஆளுக்கு எந்த வருஷத்துல நிக்கிறோம்னு தெரியாது, எந்த காத்துன்னு தெரியும், அது போதும் பிழைச்சுக்குவான்.

இன்னொண்ணு, ஊத்து. மணல்ல முழங்கை ஆழம் தோண்டினா நல்ல தண்ணி ஊறும், அவசரப்பட்டு அள்ளினா கலங்கிரும், அடியில தெளியுற வரைக்கும் உக்காந்திருந்து சிரட்டையால மெதுவா கோரி குடத்துல ஊத்தணும். உங்க பெரிய நகரத்துல குழாய் நின்னுபோனா குழாயடியில பொம்பளைங்க தோண்ட ஆரம்பிக்கட்டும்.

ராம்நாடு ரேடியோ:
காத்து அருமை. அதோட கடிகாரத்தையும் சேத்துக்கலாம், இது நிஜமா நடந்தது. 1996 மே மாசம் இலங்கையில கரண்ட் மிச்சம் பிடிக்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சாங்க, அக்டோபர்ல அரை மணி குறைச்சாங்க, அப்புறம் 2006 ஏப்ரல் வரைக்கும் அவங்க நம்மள விட அரை மணி நேரம் முன்னாடிதான். அந்தப் பத்து வருஷம் ராமேஸ்வரத்துல உக்காந்து இலங்கை வானொலி கேட்டா அவங்க ஏழரைன்னு சொல்லும்போது நம்ம சுவத்துல ஏழு. அதுலயும் புலிகள் கட்டுப்பாட்டுல இருந்த பகுதியில பழைய நேரத்தையே வெச்சிருந்தாங்க, ஒரே தீவுக்குள்ள ரெண்டு நேரம். அப்பல்லாம் முப்பது கிலோமீட்டர் கடலைத் தாண்டினா எந்தக் கரையில இறங்குறீங்களோ அதைப் பொறுத்து மணி மாறும். இப்பவும் தனுஷ்கோடி கடைசி முனையான அரிச்சல்முனையில போன் இலங்கை டவரைப் பிடிச்சிரும். உங்க கதையில டவர் மாறுறப்ப வருஷமும் மாறட்டுமே.

தங்கச்சிமடம் மகன்:
எழுதுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா பாசஞ்சர் ரயிலைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அந்தப் புயல் அடிச்ச டிசம்பர் 22 ராத்திரி ஸ்டேஷனுக்கு கொஞ்சம் முன்னாடி சிக்னல் கிடைக்காம நின்ன 653ஆம் நம்பர் வண்டி, அதுல நூறு பேருக்கு மேல, ஒருத்தரும் மிஞ்சல. அவங்க வீட்டு ஆளுங்க இன்னும் ராமேஸ்வரம் தீவுல இருக்காங்க. கதாநாயகன் காலத்துல ஓடிப்போய் ரயிலை நிறுத்துற மாதிரி மட்டும் தயவுசெஞ்சு எழுதிராதீங்க. காப்பாத்தினா பொய்யாயிரும், காப்பாத்தாம விட்டா த்ரில்லுக்கு அவங்க சாவைப் பயன்படுத்தின மாதிரி ஆயிரும். அப்புறம் "பேய் நகரம்"னு ஒரு வார்த்தைகூட வேணாம். வாழ லாயக்கில்லன்னு அரசாங்கம் அறிவிச்ச பிறகும் அங்க குடிசை போட்டு மீன் பிடிச்சு புள்ளைங்கள வளர்த்த சனம் இருக்கு. 2017ல ரோடு வர்ற வரைக்கும் ஆஸ்பத்திரிக்குன்னாலும் மணல்லதான் வரணும். உங்க ரெண்டு காலத்துக்கும் நடுவுல மூணாவதா அந்தக் குடிசைங்க இருக்கணும், அதுங்க மட்டும் எந்தக் காத்துக்கும் வருஷம் மாறக்கூடாது.

மண்டபம் வாசகி:
தம்பி, குடிசை பத்தி நீங்க சொன்னதை அப்படியே எடுத்துக்கிறேன். மாறாத ஒரு இடம் இருந்தாதான் மத்ததெல்லாம் மாறுறது தெரியும், கதையை அங்க இருக்கிற ஒரு அம்மா சொல்ற மாதிரி திருப்பி எழுதப் போறேன். ரயில் கதைக்குள்ள வராது, ஊர் ஆளுங்க அதைப் பத்தி பேசிக்கிறது மட்டும் வரும். கரைவலை அண்ணே, ஒரு சந்தேகம், வாடை முடிஞ்சு கச்சான் எடுக்குறதுக்கு நடுவுல ரெண்டு கடலும் அடங்கிக் கிடக்கிற நாள் இருக்குல்ல, அப்ப நீங்க எந்தக் கரையில வள்ளத்தை வைப்பீங்க? உச்சக்கட்டத்தை அந்த நாள்ல வைக்கலாம்னு பாக்குறேன்.